பதினோரு நிமிடம் தாமதமாக வந்த கோள்

ஜூன் 3

அண்ணனுக்கு,

போன் செய்தால் இரண்டாவது நிமிடத்தில் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதனால்தான் கடிதம். மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது காரியத்துக்காக எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஆமாம், காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

விஷயம் தணலைப் பற்றியது. குன்றின் மேல் அந்தக் கூண்டுக்குள் சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு எனக்காக ஆறு வருடம் படம் பிடித்தாயே, அதே நட்சத்திரம். சிவப்புக் குறுமீன். நம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு அகலம்கூட இல்லை. அணையப் போகிற கரித்துண்டு மாதிரி இருக்கிறது என்று நீதான் தணல் என்று பெயர் வைத்தாய். அதைச் சுற்றுகிற கோளுக்கு நான் குட்டி என்று வைத்தேன். ஒன்பது நாளும் சில மணியும் ஆனால் குட்டி தணலுக்குக் குறுக்கே நடந்துபோகும். அப்போது வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறைச்சலைத் தவிர குட்டியைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது.

முதல் மூன்று வருடம் குட்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. பிறகு ஒரு நவம்பரில் பதினோரு நிமிடம் தாமதமாக வந்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் அதே பதினோரு நிமிடம். கண்ணுக்குத் தெரியாத பெரிய கோள் ஒன்று அதை இழுக்கிறது என்று எழுதினேன். மற்ற விஞ்ஞானிகள் தேடினார்கள், அப்படி எதுவும் இல்லை. நான் பட்ட அவமானம் உனக்குத் தெரியும்.

இப்போது அதைவிட மோசம். "இழுக்கிறது எதுவும் இல்லன்னா அது கோளே இல்ல. கோள் நேரம் தவறாது. உங்க குட்டி தணல் மேல இருக்கிற கரும்புள்ளி" என்கிறார்கள். ஜூலை முப்பத்தொன்றுக்குள் அந்தப் பதினோரு நிமிடத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோள்களின் பட்டியலிலிருந்து குட்டியை அடித்துவிடுவார்கள். வெளிநாட்டில் நான் கேட்டிருக்கிற பெரிய தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

நீ தினமும் எழுதிய குறிப்பு நோட்டுகள் வேண்டும். ஒரு கேள்வியும் உண்டு. ஆறு வருடம் முன்பு, அந்த அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவே, கூண்டுக்குள் ஏதாவது மாறியதா? கேமரா, வயர், எதுவாக இருந்தாலும் சரி.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

*

ஜூன் 11

தங்கச்சி,

'மதிப்பிற்குரிய விஞ்ஞானி அவர்களுக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். உன் அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்த நக்கல் எல்லாம் வேணாம், ஒழுங்கா எழுதுங்க" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பட்ட அவமானம் எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். நான் பட்டது உனக்குத் தெரியுமா? பெரிய கோள் இல்லை என்றானதும் நான் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்தாய். மேனேஜர் நிற்கிறார், தரை துடைக்கிற அம்மா நிற்கிறார், டீ கொண்டுவந்தவர் தட்டோடு நிற்கிறார். அத்தனை பேர் எதிரில் நீ சொன்னாய்: "அம்மா சாகும்போதே நேரத்துக்கு வராதவன், படம் பிடிக்க மட்டும் நேரத்துக்கு வந்திருப்பானா?" அந்த டீக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் கிளாஸை வைக்கிறார். நான் எலக்ட்ரீஷியன். படிப்பு வராதவன்தான். அதற்காக மானமும் வராது என்று நினைத்துவிட்டாயா?

சரி, உன் கேள்விக்குப் பதில். ஒன்றும் மாறவில்லை. அதே கேமரா, அதே வயர், அதே நான். கம்ப்யூட்டரும் அதே கிழம்தான். கரண்ட் போனால் தேதி, நேரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பேந்தப் பேந்த முழிக்கும். அதற்காக நீ உன் கையால் எழுதி ஒட்டிய சீட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது. 'கரண்ட் போய் வந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் நேரம் போடவும். மறக்காதே.' ஒருநாளும் மறந்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தவன் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் செய்த வேலை அது.

நோட்டுகளை உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். அவள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கீழே போகும்போது பார்சல் ஆபீஸில் போட்டுவிடுவாள். மொத்தம் ஒன்பது. ஆறுதானே என்று யோசிக்காதே. நீ கோபித்துக்கொண்டு போனபிறகும் குட்டி வந்துகொண்டுதான் இருந்தது. நான் பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். உனக்கும் எனக்கும் சண்டை என்றால் அதற்குக் குட்டி என்ன செய்யும்?

அண்ணன்

*

ஜூன் 21

அண்ணா,

நோட்டுகள் வந்தன. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி மூன்று நாளாக அதே வேலையாக இருந்தேன். உன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் நீ வேலைக்குப் போன ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. தினமும் சாயங்காலம் முதல் வரி ஒன்றேதான்: 'அந்திப் படம் பத்து எடுத்தேன்.' காலி ஆகாயத்தை வெளிச்சம் மங்கும்போது எடுக்கச் சொல்லிக் கொடுத்தது நான். அழகுக்காக இல்லை. லென்ஸில் எங்கே தூசி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, நட்சத்திரப் படங்களிலிருந்து அதைக் கழிப்பதற்காக.

மூன்றாவது நோட்டில் அக்டோபர் பதினான்காம் தேதிக்கு வந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

'மணி மூணு. கூண்டுக் கூரை ஷட்டர் பாதியில் மாட்டிக்கிச்சு. மழை வருது. ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஷட்டரைக் கையால இழுத்து மூடினேன். கேமரா நனையல. கிளம்பிட்டேன்.'

அம்மா போனது அன்றைக்கு நாலு இருபதுக்கு. நீ வந்தது நாலு முப்பத்தொன்றுக்கு. எங்கேயோ அரட்டை அடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாய் என்றுதான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் கேமராவை மழையிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தாய். ஏன் அண்ணா ஒரு வார்த்தை சொல்லவில்லை? அத்தனை பேர் எதிரில் நான் அப்படிக் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே?

மன்னிப்பு கேட்டு இங்கே ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். நேரில் கேட்கிறேன்.

இப்போது கேட்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் நீ வேலைக்குப் போகவில்லை. இருபத்தேழாம் தேதி திரும்பப் போயிருக்கிறாய். அன்றைக்கு எழுதியிருப்பது: 'கரண்ட் போச்சு. அரை மணியில வந்தது. நேரம் போட்டேன்.' அதற்குப் பிறகு குட்டி வந்தபோதுதான் முதல் முறையாகத் தாமதம். என் கட்டுரையில் 'அக்டோபர் இறுதி முதல்' என்று நானே நாலு இடத்தில் எழுதியிருக்கிறேன். அது என்ன அக்டோபர் என்று ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை.

நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்று அம்மா வீட்டுக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பாள். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டு மனசுக்குள்ளேயே கழித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூங்குவாய். அண்ணா, கூண்டுக்குள் இருக்கும் சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

தங்கை

*

ஜூலை 2

தங்கச்சி,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. தினமும் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். "மென்னு முழுங்காம எழுதித் தொலைங்க" என்று அண்ணி காலையில் சத்தம் போட்டுவிட்டு டிரிப்புக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும்.

கடிகாரம் சரியாக ஓடவில்லை. நன்றாகத்தான் ஓடும், ஆனால் முன்னால் ஓடும். தள்ளி வைத்தது நான்தான். பதினோரு நிமிடம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ சுவரில் இருந்த கடிகாரத்தைக் கையால் காட்டினாய். நாலு முப்பத்தொன்று. பன்னிரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். வேலைக்குத் திரும்பின அன்று முதல் வேலையாக நாற்காலியைப் போட்டு ஏறி, முள்ளைப் பதினோரு நிமிடம் முன்னால் நகர்த்தினேன். இனிமேல் எங்கேயும் அந்தப் பதினோரு நிமிடம் பிந்தக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை. அழுகை வந்தது. அழுதேன். அப்புறம் இறங்கி நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

பஸ்ஸுக்கு, சம்பளம் வாங்க, டாக்டரிடம் போக, எல்லாவற்றுக்கும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புவேன். யாராவது மணி கேட்டால் தானாகவே பதினொன்றைக் கழித்துச் சொல்லிவிடுவேன். வாய்க்குப் பழகிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரில் நேரம் போடும்போது மட்டும் கழிக்கவில்லை. சீட்டில் 'சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து' என்று இருந்தது. நீ எழுதியதை நான் கேள்வி கேட்பதில்லை. பார்த்தேன், போட்டேன். அதில் என்ன ஆகிவிடப்போகிறது என்றுகூடத் தோன்றவில்லை.

குட்டி தாமதமாகவே வரவில்லை, தங்கச்சி. நான்தான் அதைத் தாமதமாக்கிவிட்டேன். உன் பேர் கெட்டது என்னால்தான். அவமானப்படுத்தினாள், அவமானப்படுத்தினாள் என்று மூன்று வருடம் முறைத்துக்கொண்டு திரிந்தேனே, நீ சொன்னதில் தப்பே இல்லை. எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல். இந்த மடையன்தான் செய்தான் என்று எழுதி எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

அண்ணன்

*

ஜூலை 8

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டார்.

நீ மட்டும் மடையன் இல்லை. அந்தச் சீட்டை எழுதியது யார்? ஒரு கோளின் வருகையை நிமிடக் கணக்கில் அளக்கிற வேலைக்கு ஆணியில் தொங்குகிற கடிகாரத்தை நம்பச் சொன்ன விஞ்ஞானி யார்? உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. கடிகாரத்தைத் தள்ளி வைக்கிற வீட்டிலிருந்து வந்த இரண்டு பேர் சேர்ந்து செய்தது இது.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் அதைச் சொல்லாததும் ஒரு வகையில் உன்னைத் தண்டித்ததுதான். அம்மாவின் கடைசிப் பேச்சு உன்னைப் பற்றித்தான். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "அவன் வந்துடுவான். கொஞ்சம் பிந்தித்தான் வருவான், எப்பவும் அப்படித்தான். வந்தா திட்டாதே" என்றாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். நீ வந்து நின்றதும் நான் செய்த முதல் காரியம் கடிகாரத்தைக் காட்டியது.

அம்மா உன்னை மன்னித்துவிட்டுத்தான் போனாள். நீ அந்தக் கடிகாரத்தைத் தள்ளி வைத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தால் நீயும் நிம்மதியாக இருந்திருப்பாய், குட்டியும் நேரத்துக்கு வந்திருக்கும்.

இப்போது காரியம். 'என் அண்ணன் கடிகாரத்தைத் தள்ளி வைத்தான்' என்று நான் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். "வசதியா ஒரு அண்ணன் கிடைச்சாரே" என்பார்கள். சாட்சி வேண்டும், கடிகாரத்தோடு சம்பந்தப்படாத சாட்சி. உன் அந்திப் படங்கள்தான் அந்தச் சாட்சி. சூரியன் இறங்க இறங்க ஆகாயம் எவ்வளவு மங்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. சூரியன் எந்தச் சுவர்க் கடிகாரத்தையும் பார்ப்பதில்லை. உன் கம்ப்யூட்டர் ஒரு நேரம் சொல்லும், ஆகாயம் ஒரு நேரம் சொல்லும். இரண்டையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எனக்கு அனுப்பிய அந்திப் படங்களைத் தூசி கழித்த கையோடு அழித்துவிட்டேன். இடத்தை அடைக்கிறதே என்று. நீ வைத்திருக்கிறாயா? இல்லையென்றால் எல்லாம் முடிந்தது. நாள் அதிகம் இல்லை.

கடிகாரத்தைத் தொடாதே. அப்படியே இருக்கட்டும்.

தங்கை

*

ஜூலை 13

தங்கச்சி,

வைத்திருக்கிறேன். ஒன்று விடாமல். அழிக்கச் சொல்லி நீ சீட்டு ஒட்டவில்லையே!

இரண்டு டிஸ்கில் ஏற்றி, துணியில் சுற்றி, தகர டப்பாவில் போட்டு உன் அண்ணியிடம் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டா ஓட்டுவது என்று கேட்டுவிட்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெல்ட் போட்டுக் கட்டினாள். பார்சல் ஆபீஸ் மூடிவிடும் என்று அன்றைக்கு வழியில் கை காட்டின நாலு பேரை ஏற்றாமல் வந்திருக்கிறாள். அந்த நாலு பேரும் மறுநாள் சண்டைக்கு வந்தார்கள். "ஒரு கிரகத்தோட உயிர் பிரச்சினைங்க" என்றாளாம். டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா சொன்னதை எழுதியிருந்தாய். படித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கூண்டைத் திறந்து அந்திப் படம் பத்து எடுத்தேன். பதினொன்றாவதாக ஒன்றும் எடுத்தேன், சும்மா. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது போதுமா? இதற்குமேல் எழுதினால் தாள் நனைந்துவிடும்.

ஒரு சந்தேகம். குட்டி எப்போதும் தணலுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லியிருக்கிறாய். ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இருட்டு. இரண்டும் சேருகிற ஓரத்தில் மட்டும் முடியவே முடியாத அந்தி. அங்கே யாராவது இருந்தால் மணி எப்படிப் பார்ப்பார்கள்? சூரியன் நின்ற இடத்திலேயே நிற்கிறதே. அங்கே லேட்டு என்ற பேச்சே வராது போலிருக்கிறது. எனக்கு ஏற்ற ஊர். தண்ணி வசதி இருந்தால் சொல், விண்ணப்பம் போட்டு வைக்கிறேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 29

அண்ணா,

ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. முடிவு தெரியாமல் எழுதி உன்னையும் தவிக்கவிட மனசில்லை.

உன் அந்திப் படங்களில் முதல் மூன்று வருடம் கம்ப்யூட்டர் சொன்னதும் ஆகாயம் சொன்னதும் ஒன்றாக இருந்தன. அக்டோபர் இருபத்தேழு சாயங்காலம் கம்ப்யூட்டர் ஒரேயடியாக முன்னால் தாவியது. எவ்வளவு தெரியுமா? பத்து நிமிடம், ஐம்பத்திரண்டு விநாடி. நாற்காலியில் ஏறி நின்று, அழுதுகொண்டே முள்ளை நகர்த்தியவன் எட்டு விநாடிதான் பிசகியிருக்கிறான். எலக்ட்ரீஷியன் கை!

அதைக் கழித்ததும் குட்டியின் தாமதம் காணாமல் போய்விட்டது. ஒன்பது வருடமும் கோடு போட்ட மாதிரி ஒரே சீர். நான் கேட்காமலேயே நீ எடுத்த கடைசி மூன்று வருடம்தான் அவர்கள் வாயை அடைத்தது. கரும்புள்ளி என்றால் ஒன்பது வருடம் ஒரே நேரத்துக்கு வராது. குட்டி கோள்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய தொலைநோக்கியும் கிடைத்துவிட்டது. இந்த முறை அது வருகிறதா என்று மட்டும் பார்க்கப்போவதில்லை. அதற்குக் காற்று இருக்கிறதா என்றே பார்க்கப்போகிறோம்.

கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது உன்னுடையது. தொழில் என்ன என்று கேட்டார்கள். எலக்ட்ரீஷியன் என்றே போட்டிருக்கிறேன். கடிகாரம் ஏன் தள்ளி வைக்கப்பட்டது என்ற இடத்தில் 'குடும்பக் காரணம்' என்று எழுதினேன். ஒருவரும் மேலே கேட்கவில்லை.

செப்டம்பர் பதினேழு. தொலைநோக்கி இருக்கிற நாட்டில் அப்போது இரவு. இங்கே பட்டப்பகல். குட்டி வருவது நம் நேரப்படி மதியம் மூன்று இருபதுக்கு. திரையில் பார்க்கலாம், நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு இருபதுக்கு வாசலுக்கு வந்து உன்னை உள்ளே கூட்டிப்போகிறேன். பிந்தினாலும் பரவாயில்லை. திட்டமாட்டேன். அம்மாவுக்குக் கொடுக்காத வாக்கை உனக்குக் கொடுக்கிறேன்.

தங்கை

*

செப்டம்பர் 17
உன் ஆபீஸ் வாசல்

தங்கச்சி,

இந்தச் சீட்டை உன் வாட்ச்மேன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நல்ல மனுஷர், ஆனால் கறார். "ரெண்டு இருபதுக்குத்தான் பேர் போட்டிருக்கு, அதுக்கு முன்னாடி உள்ள விட முடியாது" என்கிறார். கோளைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். "எந்தக் கோளா இருந்தாலும் ரெண்டு இருபதுக்குத்தான் சார்" என்கிறார். உன் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கூண்டுக்கு வேறு கடிகாரம் மாட்டியாகிவிட்டது, தானே நேரம் பார்த்துக்கொள்கிற வகை. இந்தப் பழசு துண்டில் சுற்றி என் மடியில் இருக்கிறது, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆறு வருடமாக நான் தொடாமல் வைத்திருந்த முள்ளை நீதான் உன் கையால் பின்னால் நகர்த்த வேண்டும். அதற்காகத்தான் சுமந்து வந்தேன்.

உன் வாசல் கடிகாரத்தில் மணி இப்போது இரண்டு ஒன்பது. என் மடியில் இரண்டு இருபது.

குட்டி வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் வந்துவிட்டேன். வெளியே வா.

அண்ணன்